அடுத்த சிரிஞ்சுக்கு முன்னால்

பத்து கிலோ எடையுள்ள ஒரு குழந்தையின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தம் ஏறத்தாழ 800 மில்லி. கடையில் வாங்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அது நிரப்பாது. எங்கள் துறைக்கு வரும் பி.ஜி. மாணவர்களுக்கு முதல் நாள் நான் சொல்வது இந்தக் கணக்கைத்தான். பெரியவர்கள் வார்டில் பழகிய கை, பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கச் சொன்னால் தாராளமாக இழுத்துவிடும். குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் எடுப்பதற்கும் கணக்கு உண்டு, கொடுப்பதற்கும் கணக்கு உண்டு. கொடுக்கும் கணக்கு எங்கிருந்து வந்தது, பிறகு அது எப்படி ஆட்டம் கண்டது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

நான் ஒரு மாவட்டத் தலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி ஆசிரியை. இரவில் எங்களிடம் வரும் குழந்தைகளில் பலர் கிருமித்தொற்று முற்றி, 'ஷாக்' நிலையில் வருகிறவர்கள். நெற்றி கொதிக்கும், பாதம் ஜில்லென்று இருக்கும். விரல் நுனியை அழுத்திவிட்டால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் சிவக்க வேண்டும், சிவக்காது. நாடி நூல் மாதிரி ஓடும். இரண்டு வயதுப் பிள்ளை, ஊசி குத்தினாலும் அழாமல் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். என்னைக் கேட்டால், எல்லா மானிட்டர்களையும்விட இந்தப் பார்வைதான் அதிகம் பயமுறுத்தும்.

ரத்த ஓட்டம் வற்றிப்போன இந்த நிலையில் சலைனை வேகமாக ஏற்ற வேண்டும் என்பது பாலபாடம். பாட்டிலைத் தொங்கவிட்டால் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும், அது போதாது. மூன்று வழிக் குழாய் ஒன்றை இடையில் மாட்டி, 20 மில்லி சிரிஞ்சால் பாட்டிலிலிருந்து இழுத்து, திருகைத் திருப்பி, குழந்தைக்குள் தள்ளுவோம். கிலோவுக்கு 20 மில்லி. நம் பத்து கிலோ குழந்தைக்கு 200 மில்லி, அதாவது பத்து சிரிஞ்சு. அதன் மொத்த ரத்தத்தில் கால் பங்கு அளவு. சரியாகவில்லையா, இன்னொரு முறை. அப்புறமும் இல்லையா, மூன்றாவது முறை. ஒரு மணி நேரத்தில் 600 மில்லி உள்ளே போயிருக்கும்.

என் தலைமுறை இதை வாய்ப்பாடு போல ஒப்பித்தது. இதன் வேர் 1991-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஜோசப் கார்சில்லோவும் உடனிருந்தவர்களும் எழுதிய கட்டுரை. ஷாக்கில் இருந்த 34 குழந்தைகளை அவர்கள் கவனித்தார்கள். முதல் ஒரு மணி நேரத்தில் கிலோவுக்கு 40 மில்லிக்கு மேல் பெற்றவர்கள் ஒன்பது பேர். அவர்களில் எட்டுப் பேர் பிழைத்தார்கள். குறைவாகப் பெற்ற 25 பேரில் பத்துப் பேர்தான் பிழைத்தார்கள். யாருக்கு எவ்வளவு என்று குலுக்கிப்போட்டுப் பிரித்த ஆய்வல்ல அது, கொடுத்ததைப் பார்த்து எழுதிய பதிவு. இருந்தாலும் அந்த ஒன்பது குழந்தைகள் உலகம் முழுக்க வழிகாட்டி நெறிகளுக்குள் நுழைந்துவிட்டார்கள். கார்சில்லோவைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணெதிரே நாடி தேறுகிறது, பாதம் சூடாகிறது, பிள்ளை அழுகிறது. பார்த்தவர்கள் நம்பாமல் இருக்க முடியாது. இதற்குப் பிறகு, சலைன் கொடுக்காமல் ஒரு பாதிக் குழந்தைகளை வைத்துப் பார்ப்போம் என்று சொல்லும் துணிச்சல் பெரிய மருத்துவமனை எதற்கும் வரவில்லை.

அந்தச் சோதனை நடந்த இடம் ஆப்பிரிக்கா. அங்கே பல மருத்துவமனைகளில் வேகமாகச் சலைன் ஏற்றும் வழக்கமே இல்லாததால், 'ஏற்றலாமா?' என்ற கேள்வியை நேர்மையாகக் கேட்க முடிந்தது. கென்யாவின் கடலோர ஊரான கிலிஃபியில் நெடுங்காலம் பணியாற்றிய கேத்ரின் மெய்ட்லாண்ட் தலைமையில் கென்யாவில் ஒன்று, தான்சானியாவில் ஒன்று, உகாண்டாவில் நான்கு என ஆறு மருத்துவமனைகள் சேர்ந்தன. ஆய்வின் பெயர் 'ஃபீஸ்ட்'. கடும் காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவும் உள்ள 3141 குழந்தைகள். ஒரு பிரிவுக்கு வேகச் சலைன், ஒரு பிரிவுக்கு வேக ஆல்புமின், மூன்றாவது பிரிவுக்கு வேகமாக எதுவும் இல்லை. ஆன்டிபயாடிக், மலேரியா மருந்து, ஆக்ஸிஜன், தேவைப்பட்டால் ரத்தம், மெதுவான டிரிப்ஸ் ஆகியவை எல்லாருக்கும் பொது. வயிற்றுப்போக்கில் வற்றிய குழந்தைகளைச் சேர்க்கவில்லை. அவர்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லையே.

மூச்சிரைக்கும் பிள்ளையோடு ஓடிவரும் தாயிடம் பத்துப் பக்கப் படிவத்தை நீட்ட முடியுமா? அப்படிப்பட்ட இடங்களில் முதலில் வாய்மொழிச் சம்மதம், குழந்தை நிலைப்பட்ட பிறகு முழு விளக்கமும் கையெழுத்தும் என்று வைத்தார்கள். ஆய்வு வகுப்பில் இதற்கே ஒரு மணி நேரம் ஒதுக்குகிறேன்.

2011 ஜனவரியில், கண்காணிப்புக் குழு ஆய்வை நடுவிலேயே நிறுத்தச் சொன்னது. 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் ஆல்புமின் பிரிவில் நூற்றுக்கு 10.6, சலைன் பிரிவில் 10.5, எதுவும் வேகமாகக் கொடுக்காத பிரிவில் 7.3. உயிர்காக்கும் என்று நினைத்த சிகிச்சை, நூறு குழந்தைகளில் மூன்று பேரைக் கூடுதலாகப் பறித்திருந்தது.

இதைவிட என்னை உலுக்கிய எண் ஒன்று உண்டு. முதல் மணி நேர முடிவில் ஷாக் நீங்கியவர்கள், வேகமாக ஏற்றிய பிரிவுகளில் நூற்றுக்கு 43. ஏற்றாத பிரிவில் 32. அதாவது அந்தக் குழந்தைகள் தேறத்தான் செய்தார்கள். டியூட்டி டாக்டர் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார். சாவு அதற்குப் பிறகு வந்தது.

எதிர்ப்பு கிளம்பியது. சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் மலேரியா நோயாளிகள், பலருக்குக் கடும் ரத்தசோகை, வென்டிலேட்டர் வசதி கிடையாது. நியாயமான வாதங்கள்தான். என் மாணவர் ஒருவரும் வகுப்பில் எழுந்தார்: "மேடம், அங்க வென்டிலேட்டர் இல்ல. நம்மகிட்ட இருக்கே?"

"இருக்குப்பா. ராத்திரி ரெண்டு மணிக்கு எத்தனை காலியா இருக்கும்?"

உட்கார்ந்துவிட்டார்.

நுரையீரலில் நீர் கோத்துத்தான் இறந்திருப்பார்கள் என்று பலர் ஊகித்தார்கள். மெய்ட்லாண்ட் குழு 2013-ல் ஒவ்வொரு மரணத்தையும் அலசியபோது, கூடுதல் மரணங்களில் பெரும்பங்கு இதய, ரத்த ஓட்டச் சரிவால் வந்தது தெரிந்தது. 2019-ல் வந்த மறு அலசல் இரண்டு காரணங்களைக் காட்டியது: சலைனில் உள்ள குளோரைடால் ரத்தத்தில் கூடும் அமிலம், ஏற்கெனவே சோகை பிடித்த ரத்தம் இன்னும் நீர்த்துப்போவது.

நம் பக்கத்திலும் இந்தக் கேள்வியை விடாமல் துரத்தியவர்கள் உண்டு. ஃபீஸ்டுக்கு முன்பே, 2008-ல், சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டர் இந்துமதி சந்தானம் குழு, 147 குழந்தைகளிடம் வேகமாக ஏற்றும் முறையையும் சற்று நிதானமான முறையையும் ஒப்பிட்டது. இறப்பில் வித்தியாசம் இல்லை. 2017-ல் டெல்லி எய்ம்ஸின் ஜுமா சங்கர் குழு, அதே அளவை ஐந்து பத்து நிமிடத்தில் தள்ளுவதையும் பதினைந்து இருபது நிமிடத்தில் கொடுப்பதையும் 96 குழந்தைகளிடம் பார்த்தது. நிதானமாகப் பெற்றவர்களில் வென்டிலேட்டர் வரை போனவர்கள் குறைவு. நெரிசலான இந்திய எமர்ஜென்சி வார்டில், ஒரு கையில் ஸ்டாப்வாட்சோடு இதைச் செய்வது எவ்வளவு கடினம் என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

2020-ல் வந்த சர்வதேச நெறிமுறை உலகத்தை இரண்டாகப் பிரித்தது. தீவிர சிகிச்சை வசதி இல்லாத இடத்தில், ரத்த அழுத்தம் சரியாத குழந்தைக்கு வேகச் சலைன் வேண்டாம். வசதி உள்ள இடத்தில் முதல் மணி நேரத்தில் கிலோவுக்கு 40 முதல் 60 மில்லி வரை போகலாம். ஆனால் பத்து, இருபதாகக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு பார்த்து, நீர் மிகுந்த அறிகுறி தெரிந்தால் நிறுத்த வேண்டும்.

'பார்த்து' என்று எழுதுவது சுலபம். குழந்தைகள் தீவிர சிகிச்சைக்கென்றே மூன்றாண்டு டி.எம். படிப்பு இந்தியாவில் இருக்கிறது. ஆனால் நடு இரவில் அந்தக் குழந்தையை முதலில் தொடுவது முதல் வருட பி.ஜி.தான். அதனால் எங்கள் பயிற்சியில் பொம்மை, சிரிஞ்சு எல்லாம் அப்படியே இருக்க, இடையில் நிறுத்தங்களைப் புகுத்தியிருக்கிறோம். ஐந்து சிரிஞ்சு தள்ளினால் கையை எடு. வலது விலாவுக்குக் கீழே ஈரல் இறங்கியிருக்கிறதா, தடவிப் பார். முன்பு பேனாவால் போட்ட கோட்டைத் தாண்டிவிட்டதா? முதுகில் அடிப்பக்கம் ஸ்டெதாஸ்கோப் வை, கரகரப்பு கேட்கிறதா? மூச்சு, நாடி, பாதம், முகம். எங்கள் சீனியர் சிஸ்டர் பக்கத்தில் நின்று, "ஈரல் பாத்தாச்சா டாக்டர்?" என்று கேட்பார். பதில் வராவிட்டால் அடுத்த சிரிஞ்சைக் கொடுக்க மாட்டார். இந்த உரிமையை அவருக்கு எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். சில மாணவர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

நரம்பே கிடைக்காத குழந்தைக்கு முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் ஊசி இறக்குவதைக் கோழிக்காலில் பழக்குகிறோம். எலும்பு உடையாத முழுக்கால் வேண்டும் என்று கேட்டால், கறிக்கடைக்காரர் ஒவ்வொரு முறையும் விசித்திரமாகப் பார்க்கிறார்.

டெங்குவுக்கு மட்டும் பாடம் வேறு. அங்கே ரத்தக்குழாய்ச் சுவர் வழியாகப் பிளாஸ்மாவே கசிகிறது. ஷாக் வந்தால் திரவம் கொடுத்தே ஆக வேண்டும். 2005-ல் வியட்நாமில் 383 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு, மிதமான ஷாக்குக்கு விலை குறைந்த ரிங்கர் லாக்டேட்டே போதும் என்று காட்டியது. ஆனால் கசிவு ஓரிரு நாளில் நின்று, வெளியேறிய நீர் திரும்பி வரும். அந்த நேரத்திலும் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தால் பிள்ளைக்கு மூச்சு முட்டும்.

இத்தனையும் கற்ற மாணவர் கடைசியில் வார்டு வாசலில் நிற்கும் குடும்பத்தைச் சந்திக்க வேண்டும். நம் ஊரில் காய்ச்சல் என்றால் 'ஒரு பாட்டில் குளுக்கோஸ்' ஏற்றினால்தான் வைத்தியம். அதனால் தேர்வில் நானே பாட்டியாக நடிக்கிறேன். "பக்கத்துக் கட்டில் புள்ளைக்குப் பாட்டில் தொங்குது, எங்க புள்ளைக்கு ஏன் போடல?" அந்தப் பிள்ளைக்கு டெங்கு, இந்தப் பிள்ளைக்கு நிமோனியா என்ற வித்தியாசத்தை ஓரளவு எல்லாரும் சொல்லிவிடுவார்கள். "சரி, அப்போ பால் குடுக்கலாமா?" என்று அடுத்த கேள்வியைப் போடுவேன். பலரும் இதில் திணறுவார்கள். சென்ற முறை ஒரு பெண், "இருங்க பாட்டி, மூச்சை எண்ணிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று பொம்மை பக்கம் திரும்பினாள். முழு மதிப்பெண் போட்டேன்.