காவல் நின்றவர்

பந்தை வலைக்குள் செலுத்தியவரைத் தோளில் தூக்கி ஆடுகிறோம். செலுத்தவிடாமல் தடுத்தவரை அன்று மாலையே மறந்துவிடுகிறோம். மாணவ நண்பர்களே, இவ்வழக்கத்துக்கு விலக்காக நான் கருதுபவர் இத்தாலியக் கால்பந்து வீரர் பாவ்லோ மல்தீனி.

1968-இல் மிலான் நகரில் பிறந்த அவர், 1985 ஜனவரியில், தம் 16-ஆம் வயதில் ஏ.சி. மிலான் குழுவில் முதன்முதலாக ஆடினார். அக்குழு 1963-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது தலைமை தாங்கியவர் அவருடைய தந்தை சேசரே. மகனோ அக்கோப்பையை ஐந்து முறை வென்றார். உலகக் கோப்பை மட்டும் கிட்டவில்லை; 1994-இல் இறுதியாட்டம் வரை சென்று இத்தாலி தோற்றது.

அவர் திறமை எதில் இருந்தது? சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பதில் அன்று. எதிரி பந்தை எங்கே அனுப்புவார் என்று முன்னரே கணித்து அங்கே போய் நிற்பார். அப்படி நிற்பவருக்குச் சறுக்கவேண்டிய தேவை அரிதாகவே நேரும். வலக்கால் பழக்கமுடையவராயினும் பெரும்பாலும் இடப்புறமே காவல் காத்தார், இது எளிதன்று. பார்ப்பவர் கண்ணுக்கு அவர் ஒன்றும் செய்யாதவர்போலத் தோன்றும். எதிரியோ வழியின்றிப் பந்தைப் பின்னுக்கு அனுப்புவார்.

மிலானுக்காக 902 ஆட்டங்கள் ஆடியவரின் புகழுக்கும் ஒரு சோதனை வந்தது. 2009 மே 24 அன்று, சொந்த அரங்கில் விடைபெற்றபோது, மிலான் ரசிகருள் ஒரு சாரார் சீழ்க்கையடித்து இகழ்ந்தனர். அவர்களைப் புகழ்ந்து பேசி அவர் ஆதரவு தேடியவரல்லர். ஒரு வாரம் கழித்து ஃபுளோரன்ஸ் நகரில் கடைசி ஆட்டம். அங்கே எதிரணி ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினர். அன்று 2–0 எனத் தோற்றது அவர்களுடைய குழுதான்.