உடல் அழற்சியும் கவனக் குறைவும்

காய்ச்சல் வருவதற்கு முந்தைய நாள் எந்த வேலையிலும் மனம் பதியாமல் இருந்ததைப் பலரும் உணர்ந்திருப்பீர்கள். அது சோம்பல் அன்று. உடலில் தொடங்கிவிட்ட அழற்சியின் விளைவு.

கிருமி நுழைந்தாலும் காயம் ஏற்பட்டாலும் நோய் எதிர்ப்பு அணுக்கள் சைட்டோகைன் எனப்படும் புரதங்களைச் சுரக்கின்றன. இவற்றின் செய்தி இரத்தம் வழியாகவும் வேகஸ் நரம்பு வழியாகவும் மூளையை எட்டுகிறது. அதனால் பசி, ஊக்கம், விழிப்பு ஆகியவை குறைகின்றன. உடலை ஓய்வெடுக்கச் செய்யும் இயற்கையின் ஏற்பாடே இது.

இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நலமுள்ள 20 இளைஞர்களுக்கு டைபாய்டு தடுப்பூசி செலுத்தி இலேசான அழற்சியை உண்டாக்கினர். சில மணி நேரத்தில் அவர்களது விழிப்புடன் இருக்கும் திறன் தளர்ந்தது என 2019இல் அறிவித்தனர். (தடுப்பூசியைத் தவிர்க்க இது காரணமாகாது. அத்தளர்வு தற்காலிகமானது, டைபாய்டோ குடலையே துளைக்கக்கூடியது.)

குன்னத்தூர் வட்டாரத்துப் பனியன் தொழிலாளர்களுக்கு இச்செய்தி முக்கியமானது. ஓவர்லாக் இயந்திரத்திலோ துணி வெட்டும் இயந்திரத்திலோ ஒரு நொடி கவனம் பிசகினாலும் விரலுக்கு ஆபத்து. காய்ச்சலை மாத்திரையால் அடக்கிக்கொண்டு ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவருக்குச் சூடு தணிந்திருக்கலாம், தொற்று தணிந்திருக்காது. கழிவறைக்குச் செல்லத் தயங்கிப் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது சிறுநீர்த் தொற்றுக்கு வழிவகுக்கும்.

வீட்டிலுள்ள முதியோரிடம் இவ்விளைவு கடுமையாக வெளிப்படும். நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று நாளும் இடமும் தெரியாமல் பேசுவார், பெற்ற மகளையே யாரென்று கேட்பார், அல்லது பகல் முழுவதும் மயங்கிக் கிடப்பார். இடையிடையே தெளிவு வந்து போகும். ‘வயதாகிவிட்டது’ என்று இதனை ஒதுக்கிவிடாதீர்கள். மறதி நோய் பெரும்பாலும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வளர்வது. சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாளில் வந்த குழப்பத்துக்குப் பெரும்பாலும் உடல்நோயே காரணம். சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, நீரிழப்பு, சர்க்கரை அளவு மாறுதல், புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாக இருக்கலாம். முதியோருக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் தோன்றாமல் போவதுண்டு. காரணத்தைக் கண்டறிந்து சிகிச்சை அளித்தால் பலர் தெளிவு பெறுகின்றனர்.

ஈறு நோய், உடற்பருமன், புகைப்பழக்கம், கட்டுப்படாத சர்க்கரை ஆகியவை குறைந்த அளவிலான அழற்சியை நீண்ட காலம் நீடிக்கச் செய்யும். இதற்கென விளம்பரப்படுத்தப்படும் ‘மூளை மாத்திரைகள்’ தேவையில்லை. சர்க்கரையைக் கட்டுப்படுத்துங்கள், உறங்குங்கள், பல் மருத்துவரைப் பாருங்கள்.

திடீர்க் குழப்பத்துடன் வலிப்பு, கழுத்து விறைப்பு, மூச்சுத் திணறல், முகக் கோணல் அல்லது கை கால் தளர்ச்சி இருந்தால் உடனே 108ஐ அழையுங்கள். இவை இல்லையெனினும், குழப்பம் தோன்றிய அன்றே முதியவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் உண்ணும் மருந்துகள் அனைத்தையும் உடன் எடுத்து வாருங்கள்.