பாடத்தை மாற்றினால் படிப்பு பாழா?

"தம்பி, என் மகள் பாடத்தை மாற்றப் போகிறேன் என்கிறாள். படிப்பு பாழாகிவிடாதா?"

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தக் கேள்வியோடு என் வீட்டுக்கு வந்தார், எங்கள் தெருத் தையல்காரர்.

அவர் கையில் ஒரு விண்ணப்பத் தாள். முகத்தில் கவலை. அவருக்குப் பின்னால் மகள் தலை குனிந்து நின்றாள்.

அவள் சட்டக் கல்லூரி மாணவி. ஐந்து வருடப் படிப்பில் இது நான்காவது வருடம். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அவள் படிப்புக்காக வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை.

"உட்காருங்கள், அண்ணே. என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

நடந்தது இதுதான்.

இந்த வருடம் அவள் விருப்பப் பாடம் ஒன்றை எடுக்க வேண்டும். தோழிகள் இரண்டு பேர் "வங்கிச் சட்டம்" எடுத்தார்கள். இவளும் அதையே எழுதிக் கொடுத்துவிட்டாள். அப்பாவுக்கும் சந்தோஷம். "வங்கிச் சட்டம் படித்தால் வங்கியில் வேலை கிடைக்கும், கடன் அடையும்" என்று அவர் நம்பினார்.

பத்து நாள் வகுப்பு நடந்தது. இப்போது மகள் "எனக்கு அது வேண்டாம், பெண்களும் குற்றவியல் சட்டமும் என்ற பாடத்தை எடுக்கிறேன்" என்கிறாள்.

மாற்றுவதற்கு இன்னும் மூன்றே நாள்தான் இருந்தது!

விருப்பப் பாடம் என்றால் என்ன?

சட்டக் கல்லூரியில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பது பல வீடுகளில் தெரியாது. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்தியா முழுவதும் சட்டப் படிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று இந்திய பார் கவுன்சில் 2008-ம் ஆண்டு விதிகள் வகுத்தது. அதன்படி சட்டப் பாடங்கள் முக்கியமாக மூன்று வகை.

முதல் வகை, கட்டாயப் பாடங்கள். மொத்தம் 20 தாள்கள். ஒப்பந்தம், குடும்பச் சட்டம், சொத்துச் சட்டம், குற்றவியல் சட்டம், அரசியல் சட்டம், சாட்சியச் சட்டம், தொழிலாளர் சட்டம் எல்லாம் இதில் அடக்கம். கம்பெனிச் சட்டமும் வரிச் சட்டமும் கூட இதில் உண்டு. இவற்றை எல்லோரும் படித்தே ஆக வேண்டும்.

இரண்டாவது வகை, பயிற்சிப் பாடங்கள். இவை 4. மனு எழுதுவது, பத்திரம் எழுதுவது, வக்கீல் தொழில் ஒழுக்கம், சமரசம், மாதிரிக் கோர்ட்டில் வாதாடுவது ஆகியவற்றை இதில் பழகுகிறார்கள்.

மூன்றாவது வகைதான் விருப்பப் பாடம். குறைந்தது 6 தாள்கள். அரசியல் சட்டம், வியாபாரம், சர்வதேச வர்த்தகம், குற்றம், சர்வதேசச் சட்டம், விவசாயம், அறிவுசார் சொத்து என்று 7 பிரிவுகளில் பாடங்களின் பட்டியல் இருக்கிறது. விவசாயத் தொழிலாளர் சட்டம் உண்டு. சிறை நிர்வாகம் உண்டு.

ஆனால் பட்டியலில் உள்ள எல்லாம் எல்லாக் கல்லூரியிலும் கிடைக்காது. ஆசிரியர் இருக்க வேண்டும். மாணவர்களும் சேர வேண்டும். கல்லூரி எதை நடத்துகிறதோ, அதிலிருந்துதான் எடுக்க முடியும்.

இதைக் கேட்டதும் தையல்காரர் நிமிர்ந்தார்.

"அப்படியானால், மாற்றினாலும் அந்த 20 பாடம் போகாதா?"

"போகாது, அண்ணே. மாறுவது ஒரு தாள்தான்."

பாடம் மாற்றிய பாரிஸ்டர்

"ஆனாலும், எடுத்த பாடத்தை விடுவது தோல்விதானே?" என்றார் அவர்.

அப்போது நான் அவருக்கு ஒரு கதை சொன்னேன். உண்மைக் கதை.

1888-ம் ஆண்டு ஒரு வாலிபர் சட்டம் படிக்கக் கப்பல் ஏறி லண்டன் போனார். அவருக்கு வயது 18. பாரிஸ்டர் படிப்பில் சேர்ந்தார். அது போதாது, வேறு ஒரு பரீட்சையும் எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டார். லண்டன் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்தார்.

அதில் விஞ்ஞானப் பாடம் ஒன்று எடுக்க வேண்டும். அவர் ரசாயனத்தை எடுத்தார். ஏன் தெரியுமா? இந்தியாவில் படிக்கும்போது அது கட்டாயப் பாடமாக இருந்தது. அந்தப் பழக்கத்தில் எடுத்துவிட்டார்.

பரீட்சை வந்தது. லத்தீன் மொழியில் தோற்றார்.

அவர் மனம் தளரவில்லை. மறுபடியும் எழுத முடிவு செய்தார். ஆனால் பழையபடியே எழுதவில்லை. சோதனை செய்து பார்க்க வசதி இல்லாததால் ரசாயனத்தில் அவருக்கு ருசி இல்லை. அதை விட்டார். "வெப்பமும் ஒளியும்" என்ற பாடத்தை எடுத்தார். அது சுலபம் என்று சொன்னார்கள். சுலபமாகவே இருந்தது.

1890-ம் ஆண்டு ஜூன் மாதம் தேறினார். 1891-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி பாரிஸ்டர் ஆனார்.

அந்த வாலிபர் யார்? மகாத்மா காந்தி!

இதை மறைக்காமல் அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

"காந்தியா பாடம் மாற்றினார்?" என்று தையல்காரர் வாய்விட்டுச் சிரித்தார். மகள் முகத்திலும் சிரிப்பு வந்தது.

வீண் என்ற பாடம் விளைந்தது

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அவசரப்பட்டு எல்லாவற்றையும் மாற்றிவிடாதே என்பதற்கும் அவரே சாட்சி.

பாரிஸ்டர் படிப்பில் ரோமானியச் சட்டம் என்று ஒரு பாடம். பல மாணவர்கள் இரண்டு வாரம் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுத் தேறிவிடுவார்கள். பழைய காலத்து ரோமாபுரிச் சட்டம் இப்போது எதற்கு என்று நினைத்தார்கள்.

காந்தி அப்படிச் செய்யவில்லை. தம்மைத் தோற்கடித்த அதே லத்தீன் மொழியிலேயே அந்தச் சட்டத்தைப் படித்தார்.

பிறகு 1893-ம் ஆண்டு ஒரு வழக்குக்காகத் தென் ஆப்பிரிக்கா போனார். அங்கே நடப்பது ரோமன்-டச்சுச் சட்டம். மற்றவர்கள் வீண் என்று தள்ளிய பாடம் அவருக்குக் கை கொடுத்தது!

படிக்காத பாடம் வந்து நின்றது

அந்த வழக்கிலேயே இன்னொரு வேடிக்கையும் நடந்தது.

அது வியாபாரி தாதா அப்துல்லாவின் வழக்கு. 40 ஆயிரம் பவுன் பாக்கி பற்றியது. கட்டுக் கட்டாகக் கணக்குப் புத்தகங்கள். காந்திக்கோ கணக்கெழுதும் முறை தெரியாது. "பி. நோட்" என்று ஒரு சொல் வந்தது. அகராதியில் தேடினார், கிடைக்கவில்லை. வெட்கப்படாமல் குமாஸ்தாவிடம் கேட்டார். பிராமிசரி நோட்டு, அதாவது கடன் பத்திரம் என்று குமாஸ்தா சொன்னார்.

கணக்கெழுதும் முறை பற்றிய புத்தகம் ஒன்றை விலைக்கு வாங்கினார். உட்கார்ந்து படித்தார். வழக்கு புரிந்தது. கடைசியில் இரு தரப்பும் மத்தியஸ்தத்துக்கு ஒத்துக்கொண்டார்கள்.

கல்லூரியில் எடுக்காத பாடத்தைப் பிறகும் படிக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இன்றைக்கும் அப்படித்தான். 1860-ம் ஆண்டு வந்த இந்திய தண்டனைச் சட்டம் போய், 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி பாரதிய நியாய சன்ஹிதா அமுலுக்கு வந்தது. பழைய சட்டத்தைக் கரைத்துக் குடித்த வக்கீல்களும் புதுப் புத்தகம் வாங்கிப் படிக்க வேண்டி வந்தது. சட்டமே மாறும்போது, ஒரு தாள் மாறுவதில் என்ன வந்துவிட்டது?

வங்கி வேலை போய்விடுமா?

தையல்காரரின் பெரிய கவலைக்கு இப்போது வருவோம்.

பொதுத் துறை வங்கிகளில் சட்ட அதிகாரி வேலைக்கு என்ன கேட்கிறார்கள்? சட்டப் பட்டம் கேட்கிறார்கள். வக்கீலாகப் பதிவு செய்திருக்க வேண்டும் என்கிறார்கள். வயது வரம்பு உண்டு. போட்டிப் பரீட்சை உண்டு. விருப்பப் பாடமாக வங்கிச் சட்டம் எடுத்திருக்க வேண்டும் என்று கேட்பதில்லை.

வக்கீல் தொழிலும் அப்படியே. பட்டம் பெற்றவர் மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். அகில இந்திய பார் பரீட்சையில் தேற வேண்டும். பிறகு எந்த வழக்கும் நடத்தலாம். "இவர் கம்பெனி வழக்குக்கு மட்டும், இவர் கிரிமினல் வழக்குக்கு மட்டும்" என்று யாரும் சீட்டு எழுதித் தருவதில்லை.

அப்படியானால் விருப்பப் பாடத்தால் பயனே இல்லையா? உண்டு. ஒரு துறையில் ஆழமாக இறங்க அது முதல் படி. பிடித்த பாடத்தில் மார்க்கு வரும். அந்தத் துறை வக்கீலிடம் பயிற்சிக்குப் போனால், நாலு கேள்வி கேட்கத் தைரியம் வரும்.

எதற்காக மாற்றுகிறாய்?

இதையெல்லாம் சொன்ன பிறகு நான் மகள் பக்கம் திரும்பினேன்.

"நீ சொல், அம்மா. வங்கிச் சட்டம் கஷ்டமாக இருக்கிறதா?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "கஷ்டம் இல்லாமல் இல்லை, சித்தப்பா. ஆனால் அது மட்டும் காரணம் இல்லை" என்றாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். அவளுடைய சின்னம்மாவைப் புருஷன் வீட்டில் அடித்தார்கள். குடும்பமே போலீஸ் நிலையத்துக்குப் போனது. என்ன எழுதிக் கொடுப்பது, யாரிடம் கொடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் வரை வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

"அன்றைக்குத்தான் அப்பா, நான் சட்டம் படிக்கிறேன் என்று சொன்னேன்" என்றாள்.

தையல்காரர் ஒன்றும் பேசவில்லை. கையில் இருந்த தாளையே பார்த்துக் கொண்டிருந்தார்.

பாடத்தை மாற்ற நல்ல காரணமும் உண்டு. கெட்ட காரணமும் உண்டு. தோழி போகிறாள் என்று மாற்றினால், அடுத்த மாதம் இன்னொரு தோழி வேறு பக்கம் போவாள். முதல் பரீட்சையில் மார்க்குக் குறைந்தது என்று மாற்றினால், புதுப் பாடத்திலும் முதல் பரீட்சை வரும். எதற்காகப் படிக்க வந்தோமோ, அதற்கு இந்தப் பாடம் உதவும் என்று மாற்றினால், அது நல்ல காரணம்.

மாற்றுகிறவர்கள் கவனிக்க!

ஆனால் காரணம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. காலமும் தவறக் கூடாது.

பாடம் மாற்றும் விதி பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறு. சில இடங்களில் சில நாள் அவகாசம். சில இடங்களில் மாற்றவே முடியாது. அதனால் முதலில் கல்லூரி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வருகைக் கணக்கை மறக்காதீர்கள். பார் கவுன்சில் விதிப்படி ஒவ்வொரு பாடத்திலும் நூற்றுக்கு 70 வகுப்பாவது வந்திருக்க வேண்டும். தாமதமாக மாறினால், நடந்து முடிந்த வகுப்புகள் என்ன ஆகும்? அவற்றை வராத வகுப்பாகக் கணக்கிடுவார்களா? இதை முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுப் பாடத்தின் பழைய கேள்வித் தாள்களை வாங்கிப் பாருங்கள். அந்த வகுப்பில் ஒரு நாளாவது அனுமதி பெற்று உட்காருங்கள். வேறு கட்டாயப் பாட வகுப்பும் அதே நேரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுங்கள். தேதியும் முத்திரையும் போட்ட நகல் ஒன்றைக் கையில் வைத்துக் கொள்ளுங்கள்.

கடைசியாக, பரீட்சை அனுமதிச் சீட்டு வந்ததும் எந்தப் பாடத்தின் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். பழைய பாடத்தின் பெயர் இருந்தால், அன்றைக்கே ஓடிப் போய்ச் சொல்லுங்கள். பரீட்சை நாளில் சொல்லிப் பயன் இல்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை பாடத்தை மாற்றுகிறேன் என்றால் உடனே கோபப்படாதீர்கள். "ஏன்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதிலை முழுக்கக் கேளுங்கள்.

தையல்காரர் சொன்னது

தையல்காரர் எழுந்தார். விண்ணப்பத் தாளில் பெற்றோர் கையெழுத்துக்கு ஓர் இடம் இருந்தது. என்னிடம் பேனா கேட்டார். கையெழுத்துப் போட்டார்.

"தம்பி, பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கால்சட்டை தைத்தால், நான் உள்ளே துணி மடித்து விட்டுத்தான் தைப்பேன். வளருகிற பிள்ளை. அடுத்த வருடம் பிரித்து விட வேண்டி வரும். அதைத் தையல் தப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்" என்றார்.

மறுநாளே மகள் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டாள். முத்திரை போட்ட நகலைக் கொண்டு வந்து என்னிடம் காட்டினாள்.

அந்த நகல் இப்போது தையல் கடையில், கடன் தவணைச் சீட்டுகள் இருக்கும் அதே டப்பாவில் பத்திரமாக இருக்கிறது.