பொதியும் பொறுப்பும்

தமிழிற் 'பொறு' என்னும் அடிச்சொல் ஒரே மூச்சில் இரண்டு காரியங்களைச் சொல்லும். பாரத்தைத் தாங்குதலும் பொறுத்தல். பிறர் செய்யும் துன்பத்தைச் சகித்தலும் பொறுத்தல். 'பொறை' என்றால் சுமையும் ஆகும், பொறுமையும் ஆகும். இவ்விரண்டுக்கும் உடன்பிறந்த சொல்தான் 'பொறுப்பு'. சுமையை ஏற்றவன் அதற்கு விடையிறுக்கவும் கடமைப்பட்டவன் என்பது அதன் உட்கிடை. இருபத்தைந்து ஆண்டுகளாக வகுப்பறையில் நான் இதனைச் சொல்லி வருகிறேன். அண்மையிற் பொதி விநியோக நிறுவனமொன்றோடு 23 நாள் மல்லாடிய பிறகோ, சுமை ஒருவர்க்கும் பொறுமை மற்றொருவர்க்குமாக அச்சொல் பாகப்பிரிவினை செய்யப்பட்டுவிட்டது போலும் என்று ஐயுறலானேன்.

நடந்தது இதுதான். எனக்குப் பண்டித வகுப்பிற் பாடஞ்சொன்ன ஆசிரியர் யாழ்ப்பாணத்திலே காலமானார். நன்னூலுக்கு அவர் தம் கைப்பட எழுதிவைத்த விளக்கக் குறிப்புகள் மூன்று கொப்பிகளில் இருந்தன. "அண்ணா, அப்பாவின்ரை கொப்பியள் உங்களிட்டை இருக்கிறதுதான் முறை" என்று கூறி, அவருடைய மகளார் அவற்றை நல்லூரிலிருந்து லிங்கநகரில் உள்ள என் வீட்டுக்கு அந்நிறுவனத்தின் மூலம் அனுப்பிவைத்தார். பேருந்தில் ஏறினால் ஒரு பகலிலே வந்து சேரக்கூடிய தூரம். பற்றுச்சீட்டில் 'உள்ளே இருப்பது யாது?' என்ற கட்டத்திலே 'பழைய கொப்பிகள்' என்று எழுதினாராம். 'பெறுமதி?' என்ற கட்டத்தைக் கண்டு சிறிது திகைத்து, 500 ரூபா என்று எழுதினாராம். வேறென்னதான் எழுதுவது? அக்குறிப்புகளைக் கடையிலே விற்றால் நிறுத்து வாங்குவார்கள்.

மூன்றாம் நாள் முற்பகல், நான் வகுப்பிலே வேற்றுமைப் புணர்ச்சி நடத்திக்கொண்டிருந்தபோது, கைத்தொலைபேசிக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. 'உங்கள் பொதி உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது' என்பது அதன் பொருள். வீட்டிலிருந்த என் மனைவியோ, படலையை ஒருவரும் தட்டவில்லை என்றார்.

நிறுவனத்தின் தொலைபேசி எண்ணைச் சுழற்றினேன் (இன்னும் அப்படித்தான் எழுத வருகிறது). தமிழுக்கு மூன்றை அழுத்துக என்றது ஒரு குரல். அழுத்தினேன். நெடுநேரம் இசை கேட்டது. பின்னர் வந்தவர் சிங்களத்தில் 'ஹலோ' என்றார். 1987இல் அரசியலமைப்புக்குச் செய்யப்பட்ட 13ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று விதித்தது. மூன்றாம் எண்ணின் பின்னால் இருந்த இருக்கைக்கு அச்செய்தி எட்டவில்லை. அவர் நல்லவர், எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கியபோது பொறுமையாகக் கேட்டார். கேட்டபின், "கணினியில் ஒப்படைத்ததாகப் பதிவாகியிருக்கிறதே" என்றார். கணினி சொன்னபின் கண் சொல்வது எடுபடுமோ?

மறுநாள் நகரிலுள்ள கிளைக்கு நேரிற் சென்றேன். மேசையிலிருந்த இளம்பெண் மரியாதையாகவே பேசினார். "ஐயா, முறைப்பாட்டை அனுப்பினவைதான் குடுக்கவேணும். காசு கட்டினது அவை. நீங்கள் வாங்கிறவர்தானே." நல்லூரிலே மகளார் சென்று கேட்டபோது, "இங்கையிருந்து போயிட்டுது, திருகோணமலையிலை கேளுங்கோ" என்றார்களாம். பணம் கொடுத்தவருக்குப் பொதி எங்கே என்று தெரியாது. பொதிக்கு உரியவனுக்குக் கேட்கும் உரிமை கிடையாது. இருவர்க்கும் நடுவே கொப்பிகள் எங்கோ கிடந்தன.

அன்பர்கள் இதனை என் தனிப்பட்ட தலைவிதி என்று எண்ண வேண்டா. 1853இல் இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரிலே ஓர் ஆவியியந்திர மாவாலையின் சுழல்தண்டு முறிந்தது. அதனை மாதிரியாகக் கொண்டு புதியது வார்ப்பதற்காக, கிரீனிச்சிலுள்ள பொறியியலாளரிடம் அனுப்பும்படி ஆலைக்காரராகிய ஹாட்லி என்பார் பிக்ஃபோர்ட் என்னும் சுமைகாவுநரிடம் ஒப்படைத்தார். கூலி 2 பவுண் 4 சிலிங். காவுநரின் கவனக்குறைவால் தண்டு பல நாள் தாமதித்தே போய்ச் சேர்ந்தது. அத்தனை நாளும் ஆலை ஓடாமற் கிடந்தது. இழந்த இலாபத்தைத் தருக என்று அவர் வழக்காடினார். நடுவர் குழுவினர் அவர்பால் இரங்கினர். ஆயினும் 1854இல் மேல்நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளி, மீள விசாரிக்கப் பணித்தது. ஒப்பந்தம் செய்யும் வேளையில் இருதரப்பார் எண்ணத்திலும் இருந்திருக்கக்கூடிய இழப்புக்கே ஈடு உண்டு என்பது அன்று வகுத்த நெறி. ஹாட்லி எதிர் பாக்ஸன்டேல் என்று இன்றும் உலகெங்கும் சட்ட மாணவர் நெட்டுருச் செய்யும் வழக்கு இது. பாக்ஸன்டேல் என்பவர் அக்காவுநர் நிறுவனத்தை நடத்தியவர்.

நீதியரசரைக் குறைகூறும் தகுதி இலக்கணம் படித்தவனுக்கு இல்லை. அந்நெறியிலே ஒரு நியாயமும் உண்டு. தான் சுமப்பது இன்னதென்று அறியாதவன் அதன் முழு விலைக்கும் எப்படி ஈடு நிற்பான்? ஆனால் அன்று ஹாட்லியின் ஆள் காவுநரின் எழுத்தர் முன் நின்று பேசினான். 'இது விரைந்து போக வேண்டும்' என்று வாயாற் சொல்ல இடமிருந்தது. இன்று நமக்குக் கொடுக்கப்பட்டிருப்பது கட்டைவிரல் அகலக் கட்டம் ஒன்று. அதற்குள்ளே 'என் தந்தையார் நாற்பது ஆண்டு கற்பித்ததன் சாரம்' என்று எழுத இயலாது. அதன் பின்புறத்திலோ, எறும்பூர்வது போன்ற எழுத்திலே, இழப்பு நேரின் தாம் இவ்வளவுக்கு மேல் தரமாட்டோம் என்று அவர்கள் எழுத மட்டும் இடம் தாராளமாக இருக்கிறது.

சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையிலே வெள்ளிடை மன்றம் என்று ஓரிடம் வரும். உடையவர் பெயரும் குறியும் எண்ணும் பொறித்த பொதிகள் காவலின்றி அங்கே கிடக்கும். திருடுவோன் உளனாயின் அப்பொதியையே அவன் தலையில் ஏற்றிச் சுற்றிச் சுற்றி வரச் செய்யுமாம் அம்மன்றம். பொதியிற் பெயரெழுதும் வழக்கம் அத்துணைப் பழையது. இப்பொழுது பொதி ஓரிடத்திற் கிடக்க, அதற்கு உரியவனே சுற்றிச் சுற்றி வருகிறான்.

தாமதம் எமக்குப் புதியதன்று. போர்க்காலத்திலே தரைவழி மூடுண்டிருந்தபோது, யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் பயணிகளும் சரக்கும் இந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கிய நாள்கள் உண்டு. கடிதம் ஒன்றுக்கு வாரக்கணக்கிற் காத்திருந்தோம். அதற்கு முன்னரும், 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடிய காலத்தில், சென்னைப் புத்தகக் கட்டுகளை எதிர்பார்த்து எம் முன்னோர் நாள் எண்ணினர். 1964 டிசெம்பரிற் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அவ்வழியும் போயிற்று. அவற்றுக்கெல்லாம் காரணம் தெரிந்திருந்தது. கடலையும் போரையும் நோக நமக்கு வாயிருந்தது. 2009இலே ஏ-9 வீதி திறந்தாயிற்று. இப்பொழுது பொதி வராமைக்கு ஒரு காரணமும் இல்லை, அதனைச் சொல்வாரும் இல்லை.

தபாற்காரர் மட்டும் தேவரல்லர் என்பதும் எனக்குத் தெரியும். மழைநாளிற் கடிதம் நனைந்ததுண்டு. வேலைநிறுத்தத்தில் மூட்டைகள் தேங்கியதுண்டு. ஆயினும் எம் ஒழுங்கைக்கு வரும் தபாற்காரருக்கு, 'பண்டிதர்' என்று மாத்திரம் மேல்விலாசம் இருந்தாலும் போதும். அத்திணைக்களத்தின் மேல் எனக்கு வேறொரு பற்றும் உண்டு. மல்லாகத்து விசுவநாதபிள்ளையின் மைந்தர் வி. கனகசபைப்பிள்ளை சென்னையிலே தபால் திணைக்களத்திற் பணியாற்றியவர். ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழரைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 1904இல் வெளிவந்தது. உத்தியோகத்தோடு ஏட்டுச்சுவடிகளையும் தேடித் திரட்டிய அவர், உ. வே. சாமிநாதையருக்குச் சுவடிகள் தந்துதவினார். பொதிகளை ஆண்ட அலுவலகத்திலே, பொதிக்குள் இருப்பதன் அருமை தெரிந்த ஒருவர் இருந்தார்.

23ஆம் நாள் அந்திப்பொழுதில் மோட்டார் சைக்கிளொன்று படலையில் நின்றது. பிள்ளைக்கு இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். "சேர், களஞ்சியத்திலை சாக்குக்குக் கீழை கிடந்தது. பேரைப் பாத்திட்டு நானாத்தான் எடுத்துக்கொண்டு வந்தன்" என்றான். முன்னர் 'ஒப்படைத்தாயிற்று' என்று பதிந்தவர் யாரென்று கேட்டேன். தலை குனிந்தான். அவன் சொன்னதைத் தொகுத்தால் இவ்வளவு: ஒரு பொதிக்கு இவ்வளவென்றுதான் கூலி, வண்டியும் பெற்றோலும் அவனுடையவை, பொழுது சாய்வதற்குள் கணக்கு முடியாவிட்டால் மேலிடத்திலிருந்து ஏச்சு. ஆதலின் சிலர் முதலிற் பதிந்துவிட்டுப் பிறகு கொண்டுபோவார்களாம். அந்தப் 'பிறகு' சிலபோது வருவதில்லை. "தம்பி, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றேன். இன்னும் பதினாறு பொதி இருக்கிறது என்று கூறிப் போய்விட்டான். இத்தனை நாளில் பொறுப்பென்னும் சொல்லுக்கு முழுப்பொருளோடு என் முன் வந்தவன் அவன் ஒருவனே; அப்பொறுப்புக்கு அவனுக்குக் கூலி கிடையாது.

பொதியின் ஒரு மூலை நனைந்து காய்ந்திருந்தது. முதலிரண்டு கொப்பிகளுக்கும் பழுதில்லை. மூன்றாவதில் இடையியற் பகுதியில் இருபது பக்கம் மை கரைந்து நீலமாய்ப் பரவிவிட்டது. ஏகார ஓகாரங்களுக்கு ஆசிரியர் நாட்டுவழக்கிலிருந்து திரட்டிய உதாரணங்கள் அங்கேதான் இருந்தன. நிறுவனத்தார் மகளாருக்கு அனுப்புகூலியைத் திருப்பித் தர இசைந்திருக்கிறார்கள். அவர் வாங்க மறுத்துவிட்டார்.

என்னுடன் அவ்வகுப்பிலிருந்த பழைய மாணாக்கர் ஐவருக்கு, அன்று எழுதிக்கொண்ட குறிப்புகளைத் தேடும்படி கடிதம் எழுதினேன். இருவர் விடை எழுதியுள்ளனர். வவுனியாவிலிருப்பவரிடம் இடையியற் குறிப்பு ஏறத்தாழ முழுமையாக இருக்கிறதாம். படியெடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்புகிறார். மட்டக்களப்பிலிருப்பவர் எதனையும் அனுப்ப மாட்டாராம். தைப்பொங்கல் விடுமுறைக்குத் தாமே பேருந்தேறிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வருவதாக எழுதியிருக்கிறார்.