மருந்துக்கு முன்பே பிறந்த எதிர்ப்பு

நான் உயிரியல் படித்தவன் இல்லை. மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் ஒரு பழைய வேடிக்கை உண்டு. வாடிக்கையாளரிடம் நிரல் படுத்துவிட்டது என்று சொன்னால், எழுதியவர் 'என் கணினியில் நன்றாகத்தானே ஓடுகிறது' என்பார். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த வேடிக்கைதான் நினைவுக்கு வந்தது.

சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் என்ற இந்த உருளைப்புழு, அழுகும் பழங்களிலும் மக்கும் இலைதழைகளிலும் பாக்டீரியாக்களைத் தின்று வாழ்வது. 1960களில் சிட்னி பிரென்னர் இதை ஆராய்ச்சிக்கென்று தேர்ந்தெடுத்தார். மொத்தம் 302 நரம்பு செல்கள். சில நாட்களில் அடுத்த தலைமுறை. பல செல்கள் கொண்ட உயிர்களில் முதன்முதலாக, 1998ல், முழு மரபுத்தொகுதியும் படிக்கப்பட்டது இதற்குத்தான். ஆனால் உலகெங்கும் சோதனைச்சாலைகளில் வளர்பவை பெரும்பாலும் ஒரே வம்சம். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் காளான் உரத்தில் கிடைத்த புழுவின் வாரிசுகள். வம்சத்தின் பெயர் என்2.

சோதனைச்சாலைத் தட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை, நஞ்சில்லை, எதிரியில்லை. அங்கே பல தலைமுறை வாழ்ந்தால் புழுவும் மாறிப்போகும். என்2 தனித்தனியே மேயும். காட்டுப்புழுக்கள் பல கூட்டமாகக் கூடும். இதற்குக் காரணம் ஒரு புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமில வேறுபாடு என்று 1998ல் கண்டார்கள். இரண்டும் இயற்கையின் இரு வழிகள் என்றே தோன்றியது. 2009ல் உண்மை தெரிந்தது: தனிமை விரும்பும் வடிவம் சோதனைச்சாலையிலேயே தோன்றியதாம்!

அப்படியென்றால் காட்டில் புழுக்கள் எதையெதைத் தாங்குகின்றன, எப்படித் தாங்குகின்றன என்பதைக் காட்டுப்புழுக்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஒரு நல்ல உதாரணம் அவர்மெக்டின். ஜப்பானிய மண்ணில் சதோஷி ஒமுரா கண்டெடுத்த ஒரு பாக்டீரியா சுரக்கும் நஞ்சு இது. இதிலிருந்து வந்த ஐவர்மெக்டின் 1981ல் கால்நடை மருந்தாகச் சந்தைக்கு வந்தது. பிறகு ஆப்பிரிக்காவின் ஆற்றுக்குருடு நோய்க்கும், யானைக்கால் நோய்க்கும் பயன்பட்டது. ஒமுராவுக்கும் வில்லியம் கேம்ப்பெலுக்கும் 2015ல் நோபல் பரிசு. மருந்து செய்யும் வேலை எளிது: புழுவின் நரம்பிலும் தசையிலும் உள்ள குளோரைடு வாயில்களைத் திறந்தபடியே நிறுத்திவிடும். புழு முடங்கிவிடும்.

என்2வும் முடங்கும். ஆனால் ஹவாய்த் தீவிலிருந்து வந்த ஒரு வம்சம் அசைந்துகொண்டே இருந்தது. இரண்டையும் கலந்து, பேரப்புழுக்களின் மரபணுக்களைத் துருவியபோது காரணம் ஜிஎல்சி-1 என்ற மரபணுவில் அகப்பட்டது. வாயில் புரதத்தில் நான்கு அமினோ அமிலங்கள் இல்லை, அவ்வளவுதான். 2012ல் வெளியான இந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: நஞ்சைச் சுரக்கும் அந்த பாக்டீரியாவையும் இதே மாற்றம் சமாளிக்கிறது.

இப்போது தேதிகளைக் கவனியுங்கள். ஹவாய்ப் புழு பிடிபட்டது 1972ல். மருந்து விற்பனைக்கு வந்தது 1981ல். நாம் மருந்து கொடுத்ததால் எதிர்ப்பு பிறக்கவில்லை. மண்ணுக்குள் நடந்த பழைய போரில் அது முன்பே பிறந்துவிட்டது. இந்த மரபணுவின் இரு வடிவங்களும் நெடுங்காலமாகவே ஒன்றையொன்று ஒழிக்காமல் காட்டில் உடன்வாழ்ந்து வருகின்றன என்பதும் ஆய்வின் முடிவு. தாங்கும் வடிவத்துக்கு வேறெங்கோ ஒரு விலை இருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். இல்லாவிட்டால் எல்லாப் புழுக்களும் அதையே வைத்திருக்கும்.

ஆடுகளின் வயிற்றில் வாழும் சில புழு இனங்கள் ஐவர்மெக்டினுக்கு அடங்காமல் போய்ப் பல வருடங்களாகின்றன. மனிதனைத் தாக்கும் புழுக்களிலும் அப்படி நேர்ந்தால், யானைக்காலோடு நடப்பவருக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? ஒரே வம்சத்தில் சோதித்துவிட்டு 'மருந்து வேலை செய்கிறது' என்று சொல்வது, 'என் கணினியில் ஓடுகிறதே' என்பது போலத்தான். எங்கள் தொழிலில் அதற்கு விலை ஒரு தூங்காத இரவு. இங்கே விலை கொடுப்பவர் வேறு யாரோ.