கடோத்கஜன் விருந்தும் தறிக்கணக்கும்

கடோத்கஜன் உண்ட லட்டு என்ன நிறம் என்று அண்மையில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு எழுந்தது. நல்ல மஞ்சள் நிறம் என்று நான் அடித்துச் சொன்னேன். கல்லூரியில் படிக்கும் என் பேத்தி, "இல்லை தாத்தா, அதற்கு நிறமே கிடையாது" என்றாள். 'மாயா பஜார்' படத்தை நான் சிறுவனாக இருந்தபோது அனகாபுத்தூர்ப் பக்கத்தில் ஒரு டூரிங் டாக்கீஸில், மணல் தரையில் தந்தையாரின் அருகே அமர்ந்து பார்த்தேன். அந்த லட்டுக் குவியல் அறுபது ஆண்டுகளாக என் மனத்தில் மஞ்சளாகவே மின்னிக்கொண்டிருந்தது. வழக்கைத் தீர்க்க நாங்கள் இருவரும் படத்தை மீண்டும் ஒருமுறை பார்த்தோம். முதலிலிருந்து முடிவுவரை கறுப்பும் வெளுப்புமே! வழக்கில் நான் தோற்றேன். ஆயினும் அந்தத் தோல்வியால் நான் அறிந்துகொண்டதை மாணவ நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

'மாயா பஜார்' 1957-ஆம் ஆண்டு தமிழிலும் தெலுங்கிலும் வெளிவந்தது. விஜயா நிறுவனத்தார் தயாரித்தனர், கே. வி. ரெட்டி இயக்கினார். தமிழ்ப் படத்தில் அபிமன்யுவாக ஜெமினி கணேசனும், வத்ஸலாவாக சாவித்திரியும், கண்ணனாக என். டி. ராமராவும், கடோத்கஜனாக எஸ். வி. ரங்காராவும் நடித்தனர். பாண்டவர் நாடிழந்த பின், பலராமனின் வீட்டார் தம் மகள் வத்ஸலாவை அபிமன்யுவுக்குக் கொடுக்க மறுத்து, துரியோதனனின் மகனுக்கு மணம் பேசுகின்றனர். பீமனின் மகன் கடோத்கஜன் தன் தம்பிக்காகக் களத்தில் இறங்குகிறான். உறங்கும் வத்ஸலாவைக் கட்டிலோடு வான்வழியே கொண்டுபோய்விட்டு, அவள் உருவில் தானே மணப்பெண்ணாக வந்து நிற்கிறான். வியாச பாரதத்தில் இக்கதை இல்லை. மக்கள் வாய்மொழியிலும் நாடக மேடையிலும் வளர்ந்த கதை இது.

மணவீட்டு விருந்தைக் கடோத்கஜன் ஒருவனே உண்டு தீர்க்கும் காட்சியை எவர் மறப்பார்? அவன் மலைபோல் வளர்கிறான். பலகாரங்கள் தாமே எழுந்து வந்து அவன் வாயில் புகுகின்றன. கொட்டகை முழுவதும் ஆரவாரம் எழுந்தது. வீடு திரும்பும் வழியில், "அத்தனையும் மாயமா, அப்பா?" என்று கேட்டேன். தறி நெய்து பிழைத்த என் தந்தையார் சற்று நேரம் சிந்தித்து, "மாயமில்லை, எல்லாம் கணக்கு" என்றார். எனக்கு அந்த விடை பிடிக்கவில்லை. அதன் பொருள் விளங்க அறுபது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

திரையில் ஒரு விநாடிக்கு 24 தனிப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன. நம் கண் அவற்றைப் பிரித்தறிய இயலாமல், ஓடும் ஒரே காட்சியாகக் கொள்கிறது. மூன்று மணி நேரப் படமாயின் இத்தகைய தனிப் படங்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். இரண்டு தனிப் படங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில்தான் மாயக்காரன் வேலை செய்கிறான். 1896-இல் பாரிஸ் நகரத் தெருவொன்றைப் படமெடுத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் மெலியே என்பவரின் காமிரா சிறிது நேரம் சிக்கி நின்று, பிறகு ஓடியதாம். படத்தைப் போட்டுப் பார்த்தபோது, வீதியில் சென்ற பயணிகள் வண்டி திடீரெனப் பிணவண்டியாக மாறியிருந்ததாம். அவரே பிற்காலத்தில் கூறிய கதை இது. காமிராவை நிறுத்து, பொருளை மாற்று, மறுபடியும் ஓட்டு! ஆள் மறைவதும் உருமாறுவதும் இந்த ஒரு தந்திரத்தால் நடந்துவிடும்.

பேருருவமும் சிற்றுருவமும் ஒரே காட்சியில் தோன்றுவதற்கு இன்னும் நுட்பமான வழியுண்டு. காமிராவின் முன் ஒரு பாதியை மறைத்து மறுபாதியில் மட்டும் படமெடுப்பார்கள். எத்தனை தனிப் படங்கள் ஓடின என்று எண்ணிக்கொண்டு, பிலிமை அதே அளவு பின்னோக்கிச் சுற்றுவார்கள். பிறகு முன்னர் மறைத்த பாதியைத் திறந்து, எடுத்த பாதியை மறைத்து, அதே பிலிமில் மறுபடியும் படமெடுப்பார்கள். எண்ணிக்கை தவறினாலும், காமிரா ஒரு மயிரிழை அசைந்தாலும் முழு உழைப்பும் வீணாகும். பிலிமைக் கழுவிப் பார்க்கும் வரையில் பிழை நேர்ந்ததா என்பதும் தெரியாது. கணினி இல்லாத அந்நாளில் இத்தனையும் மனிதர் கையாலும் கண்ணாலும் நடந்தன. இப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் மார்க்கஸ் பார்ட்லி. அதில் வரும் படகுக் காட்சியில் அவர் விளக்குகளைக் கொண்டே பொழியச் செய்த நிலவு இன்றும் புகழப்படுகிறது.

இதைத்தான் என் தந்தையார் கணக்கு என்றார். அந்நாளில் அனகாபுத்தூர்த் தறிகளில் கட்டம் போட்ட துணி நெய்து நைஜீரியாவுக்கு அனுப்பிவந்தனர். பாவில் இத்தனை இழை சிவப்பு, இத்தனை இழை நீலம். ஊடையிலும் அதே எண்ணிக்கை. ஓர் இழை பிசகினால் கட்டம் கோணும், துணி கழிவாகும். நாள் முழுவதும் குழித்தறியில் அமர்ந்து இழை எண்ணியவர், திரையில் பறந்த லட்டைக் கண்டதும், எங்கோ ஒருவர் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார் என்று உடனே அறிந்துகொண்டார். எங்கள் ஊரிலிருந்து அடையாற்றைக் கடந்து சில மைல் சென்றால் வடபழனி. அங்கேயிருந்த வாகினி ஸ்டூடியோவில்தான் அந்தக் கணக்கைப் போட்டவர்கள் வேலை செய்தார்கள்.

அப்படத்தில் ஒரு மாயப் பெட்டி வருகிறது. அதைத் திறப்பவர் தம் மனத்துக்கு மிக நெருங்கியதை அதில் காண்பார். வத்ஸலா அபிமன்யுவைக் காண்கிறாள். கண்ணனுக்கோ சகுனி தெரிகிறான்! சிறுவனாக இருந்தபோது நான் அப்படத்தில் லட்டைக் கண்டேன். எங்கள் வீட்டில் லட்டு, தீபாவளியன்று மட்டும் வருவது. இம்முறை பார்த்தபோது என் தந்தையாரைக் கண்டேன்.

இப்படி மீண்டும் காண்பதற்குப் பிரதி ஒன்று பிழைத்திருக்க வேண்டும் அன்றோ? 1931-இல் வெளிவந்து, தமிழின் முதல் பேசும் படமாகக் கொள்ளப்படும் 'காளிதாஸ்' இன்று கிடைப்பதில்லை. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' என்ற மௌனப் படமும் அவ்வாறே மறைந்தது. அக்காலத்து நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும். வைத்த இடத்திலேயே நாளடைவில் சிதையும். பிலிமில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகப் பழைய பிரதிகளை அழித்ததும் உண்டு. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பெற்றது 1964-இல்தான். 'மாயா பஜார்' தெலுங்கு வடிவத்துக்கு 2010-இல் கணினியால் வண்ணம் ஏற்றி வெளியிட்டனர். வண்ணம் ஏற்றுவதற்கும் மூலப் பிரதி இருந்தாக வேண்டும்.

பிறரைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. என் தந்தையார் தாம் நெய்த ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சாண் துணி வெட்டி, இழைக் கணக்கைச் சீட்டில் எழுதி, அதனோடு தைத்து ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். நைஜீரிய ஏற்றுமதி நின்றது; தறிகள் குறைந்தன; அவரும் மறைந்தார். அந்த மாதிரித் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அடுப்படியில் பாத்திரம் இறக்கும் கரித்துணியாக நாங்களே தீர்த்துவிட்டோம். இன்று அனகாபுத்தூரில் வாழைநார் கொண்டு நெய்யும் நெசவாளர் ஒருவர், பழைய கட்டம் ஏதேனும் உங்கள் வீட்டில் உண்டா என்று என்னைக் கேட்டார். நான் என்ன விடை சொல்வேன்? அந்தத் துணிகளின் நிறங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. ஆனால், லட்டும் எனக்கு மஞ்சளாகத்தானே நினைவிருந்தது!

மாணவ நேயர்களே! உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய பெட்டி இருக்குமாயின், அதை வெளியே எறிவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள்.