எண்ணெய் குடித்த வெண்கலம்

கணினி வைத்தியம் – 17

போன வாரம் பவர் சப்ளையோடு நிறுத்தியிருந்தேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், திறக்காதீர்கள் என்று எழுதியது நினைவிருக்கும். இந்த வாரம் விசிறி. நோய் கண்டுபிடிப்பது முதல் புதியதை மாட்டுவது வரை ஒரே மூச்சில் சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு வெண்கல வளையம் இந்த வாரத்தை எடுத்துக்கொண்டுவிட்டது.

குமாரபாளையத்தில் ஒரு நூல் கடை. அங்கே கணக்கெழுதும் கணினி காலையில் போட்டதும் ‘கர்ர்ர்’ என்று இழுக்கும். பத்து நிமிஷத்தில் சத்தம் அடங்கிவிடும். “சூடானா சரியாயிடுதுங்க” என்று கடைக்காரர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. மார்கழியில் சத்தம் கூடியது, மாசியில் குறைந்தது. பங்குனியில் ஒரு மதியம் கணினி தானாக அணைந்தது. திரும்பப் போட்டால் பதினைந்து நிமிஷம் ஓடும், மறுபடி அணையும். வைரஸாக இருக்கும் என்று விண்டோஸை மாற்றிப் போட்டார்கள். ராமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டினார்கள். விசிறியை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. அதுதான் சுற்றிக்கொண்டிருக்கிறதே!

பெரும்பாலான வீடுகளிலும் கடைகளிலும் நோய் பிடிபடாமல் போவது இந்த இடத்தில்தான். நிமிஷத்துக்கு 2,000 சுற்று சுற்ற வேண்டிய விசிறி 900 சுற்றில் நொண்டினாலும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் கணினிக்கு வித்தியாசம் தெரியும். விசிறியிலிருந்து போகிற கம்பிகளில் மூன்றாவது, அதற்காகவே இருக்கிறது. உள்ளே காந்தம் கடந்து போவதை ஒரு சின்ன உணரி கவனித்து, சுற்றுக்கு இரண்டு துடிப்பு வீதம் மதர்போர்டுக்குச் சொல்கிறது. 1879-இல் எட்வின் ஹால் என்ற அமெரிக்கர் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது கண்ட விளைவில்தான் அந்த உணரி இயங்குகிறது. கணினியைப் போட்டவுடன் டெலீட் விசையையோ எஃப் 2-வையோ தட்டிப் பயாஸுக்குள் போங்கள். விசிறியின் வேகமும் பிராசஸரின் சூடும் அங்கே எழுதியிருக்கும். ஒரு வேலையும் செய்யாமல் அந்தப் பக்கத்தில் நிற்கும்போதே சூடு 80 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தால் விசிறியையோ, அதன் அடியில் உள்ள அலுமினியத் தகடுகளையோ பார்த்தே ஆக வேண்டும். ‘சிபியு ஃபேன் எரர்’ என்று திரை கத்தும்போது எஃப் 1 தட்டிவிட்டுத் தினமும் வேலையைத் தொடர்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

அந்தக் குமாரபாளையத்து விசிறியைப் பிரித்தபோதுதான் வளையம் கையில் வந்தது. நடுவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்து, ரப்பர் மூடியை நெம்பி, பிளவுபட்ட சின்ன பிளாஸ்டிக் வாஷரை எடுத்தால் இறக்கைகள் தண்டோடு கழன்றுவிடும். தண்டு நின்று சுழல்கிற குழிக்குள் இருப்பதுதான் புஷ். பார்வைக்குப் பழைய செம்புக்காசின் நிறம். நம் ஊரில் மிக்ஸி ரிப்பேர் கடைகளிலும் டேபிள் ஃபேன் கடைகளிலும் இதே ஜாதி புஷ் கிடைக்கும். புதிதாக ஒன்று வாங்கி, இஸ்திரிப் பெட்டியைத் தலைகீழாக நிறுத்தி, இளஞ்சூட்டில் அதன் மேல் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் உலோகம் வியர்த்தது. மேல் பரப்பு முழுக்கப் பொடிப்பொடியாக எண்ணெய்த் துளிகள். ஆறவிட்டதும் அவை ஒவ்வொன்றாக உள்ளே போய்விட்டன. பழைய புஷ்ஷையும் அதே மாதிரி வைத்துப் பார்த்தேன். ஒரு துளிகூட வரவில்லை.

இந்த உலோகத்தை உருக்கி வார்ப்பதில்லை. செம்புத் தூள் 90 பங்கு, வெள்ளீயத் தூள் 10 பங்கு கலந்து அச்சில் போட்டு அழுத்துவார்கள். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். இதைச் சுமார் 800 டிகிரியில் சூளையில் வைத்து எடுப்பார்கள். செம்புத் தூள் உருகாது, மணிகள் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் மட்டும் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். நடுவே இருந்த இடைவெளிகள் அப்படியே துளைகளாக நிற்கும். பிறகு எண்ணெய்த் தொட்டியில் போட்டு மேலே உள்ள காற்றை உறிஞ்சி எடுத்தால், துளைகளில் இருந்த காற்று குமிழ்குமிழாக வெளியேறும். காற்றைத் திரும்ப விட்டதும் உளுந்துவடை மாதிரி அது எண்ணெய் குடித்துவிடும். புஷ்ஷின் கன அளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய்தான்! அமெரிக்கக் கார் கம்பெனி கிறைஸ்லர் 1930 வாக்கில் ‘ஆயிலைட்’ என்ற பெயரில் இதைச் செய்யத் தொடங்கியது. எண்ணெய் விடக் கை எட்டாத மூலைகளில், எண்ணெயைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிற உலோகம். காருக்காக நினைத்தது, நம் மேசைக்கு அடியில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

தண்டு சுற்றும்போது எண்ணெய் துளைகளிலிருந்து இழுபட்டு வெளியே வந்து தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே மெல்லிய படலமாக நிற்கும். நின்றதும் நுண்துளைகள் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நூல் கடையின் காலைச் சத்தம் தெளிவாகப் புரிந்தது. எண்ணெய் கொஞ்சம்தான் மிச்சம். ராத்திரிக் குளிரில் அது இறுகி உள்ளே கிடக்கிறது. காலையில் போட்டதும் படலம் உருவாகத் தாமதமாகிறது. அதுவரை உலோகத்தோடு உலோகம் உரசுகிறது. சூடேறியதும் எண்ணெய் இளகி வெளியே வருகிறது, சத்தம் அடங்குகிறது. கடைக்காரர் குணமாகிவிட்டது என்று நினைத்த அந்தப் பத்து நிமிஷம்தான் நோயின் முதல் அறிகுறி. அன்றைக்கே கவனித்திருந்தால் நாலு மாதம் முன்னாலேயே சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும்.

பள்ளிபாளையத்தில் வாழ்நாளெல்லாம் விசைத்தறிக்கு ஃபிட்டர் வேலை பார்த்த ஒரு பெரியவரிடம் பழைய புஷ்ஷைக் காட்டினேன். விரலால் உள்பக்கம் தடவிப் பார்த்தார். “முட்டை வாட்டமா தேஞ்சிருக்குது தம்பி. இதுக்கு இனிமே எண்ணெய் விட்டாலும் நிக்காதுங்க.”

“கிரீஸ் வெச்சா, ஐயா?”

“அய்யோ, கிரீஸ் வெச்சீங்கன்னா கண்ணெல்லாம் அடைச்சுப்போயிரும். அப்புறம் அது சும்மா பித்தளைதான்.”

தூள் உலோகம், சூளை, உறிஞ்சல் எல்லாவற்றையும் அவரிடம் விளக்கலாம் என்று போயிருந்தேன். அவர் அந்தத் துளைகளைக் ‘கண்’ என்று சொல்லி முடித்துவிட்டார்.

எண்ணெய் என்று வந்ததால் ராசிபுரத்து ஜெராக்ஸ் கடையையும் சொல்லிவிடுகிறேன். அங்கே யாரோ விசிறிக்குத் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார்கள். மதியம் எல்லாம் சரியாக ஓடியது. மார்கழிக் காலையில் மட்டும் விசிறி கிளம்பவே மறுத்தது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். இந்தச் சமவெளியில் மார்கழி விடியல் அதற்கும் கீழே இறங்கும். பிறகு சூட்டில் அது பிசினாகவும் மாறும். தையல் மெஷின் எண்ணெய் உறையாது, ஆனால் மிக லேசானது. கணினியின் சூட்டில் சீக்கிரம் ஆவியாகிவிடும். அவசரத்துக்கு ஒரு சொட்டு விட்டால் புது விசிறி வாங்கிவரும் வரை தாங்கும். அதை வைத்தியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சத்தத்தைப் பிரித்துக் கேட்கவும் பழகுங்கள். லாரி மெக்கானிக்குகள் நீள ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்பார்கள். ஓடுகிற கணினிக்குள் இரும்பை விடக் கூடாது. ஒரு வார இதழைக் குழலாகச் சுருட்டி ஒவ்வொரு விசிறியின் அருகிலும் வைத்துக் கேட்டாலே போதும். காய்ந்த புஷ் கரகரக்கும். சில விசிறிகளில் புஷ்ஷுக்குப் பதிலாக இருக்கும் பால் பேரிங் போனால் மெல்லிய ஊளை மாதிரி வரும். ‘டக் டக்’ என்று ஒரே தாளத்தில் அடித்தால் பேரிங்கில் குற்றமில்லை. ஏதோ ஒரு கம்பி இறக்கையில் படுகிறது. அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு இறக்கையை விரலால் சுண்டுங்கள். நல்ல விசிறி சில சுற்று சுற்றி மெதுவாக நிற்கும். கெட்டது சட்டென்று நிற்கும்.

இத்தனைக்கும் முன்னால் தூசி. கேபினெட்டைத் திறந்தால் அது எந்த ஊர்க் கணினி என்று தூசியே சொல்லிவிடும். குமாரபாளையம், பள்ளிபாளையம் என்றால் பஞ்சு. அலுமினியத் தகடுகளுக்கு நடுவே படிந்து ஒரே பாளமாக உரிந்து வரும். நாமக்கல் கோழிப்பண்ணைகளில் தீவனம் அரைக்கும் அறை என்றால் மக்காச்சோள மாவும், முட்டை ஓட்டுக்காகச் சேர்க்கிற சுண்ணாம்புக்கல் தூளும். பின்னது தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே போனால் அரம் போட்டுவிடும். ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலை என்றால் மாவு; மழைக்கால ஈரத்தில் பசையாகி, காய்ந்து கெட்டித்துப்போகும். அதை ஊதி எடுக்க முடியாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

நாமக்கல் தூசியின் பெருமை ஒன்று உண்டு. சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியில் அனார்த்தோசைட் என்ற வெளிர்நிறப் பாறை கிடைக்கிறது. நிலவின் மேட்டு நிலப் பாறையும் இதே வகை. சந்திரயான் தரையிறக்கச் சோதனைகளுக்காக இஸ்ரோ இந்தப் பாறையை வாங்கி அரைத்து, நிலவு மண்ணை ஒத்த மண்ணைத் தயாரித்தது. அந்தத் தயாரிப்பு முறைக்கு 2020-இல் காப்புரிமையும் பெற்றது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயானின் விக்ரம் கலம் நிலவில் இறங்கியதற்குப் பின்னால் நம் மாவட்டத்துப் பாறைத் தூளும் இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. நிலவில் ஒரு விசிறியை வைத்தால் தாராளமாகச் சுற்றும். ஆனால் தள்ளுவதற்குக் காற்று இல்லை. விக்ரமின் கணினிகள் தங்கள் சூட்டைப் பெரும்பாலும் கதிர்வீச்சாகத்தான் வெளியே விட வேண்டியிருந்தது. நமக்குக் காற்று இருக்கிறது, ஆனால் சித்திரையில் அதுவே 40 டிகிரியில் வருகிறது. எந்த விசிறியாலும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாகப் பிராசஸரை வைத்திருக்க முடியாது. சென்னையின் ஏசி அறையில் தாக்குப்பிடிக்கிற அரைகுறை விசிறி சேலத்தில் படுத்துவிடுவது இதனால்தான்.

தூசி எடுக்க லாரிப் பட்டறைக்கோ பஞ்சர் கடைக்கோ கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு போகிற வழக்கம் நாமக்கல்லில் சகஜம். போகலாம், ஆனால் கம்ப்ரஸர் டாங்கின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும். காற்று அழுத்தப்பட்டு ஆறும்போது அதிலிருந்த ஈரம் நீராகப் படிவதால் வருவது. “முதல்ல தண்ணியைத் திறந்து உட்ருங்கண்ணா” என்று கேட்டு வாங்குங்கள். முதல் பீச்சலைத் தரையில் அடித்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் வேண்டாம். இரண்டடி தள்ளி நின்று அடியுங்கள். இறக்கையை விரலாலோ குச்சியாலோ நிறுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது தன் வேகத்தைப் போல் பல மடங்கு சுற்றினால் நல்ல பேரிங்கும் கெடும். சுற்றுகிற காந்தம் மின்சாரத்தை உண்டாக்கிப் போர்டுக்குள் அனுப்பவும் கூடும்.

மாற்றுகிற விஷயத்துக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. ஒன்றை மட்டும் இப்போதே சொல்கிறேன். புஷ் வைத்த விசிறியின் அட்டையில் 30,000 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் எட்டு வருஷம் வரவேண்டும். நம் சூட்டில் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம். அதுவும் கேபினெட்டின் மேல் கூரையில் படுக்கை வாட்டத்தில் மாட்டினால் எண்ணெய் ஒரு பக்கமாகக் கசிந்து இன்னும் சீக்கிரம் காயும். அந்த இடத்துக்குப் பால் பேரிங் விசிறி வாங்குங்கள். நூறு, நூற்றைம்பது கூட ஆனாலும் பரவாயில்லை.

அடுத்த வாரம் கட்டாயம் மாட்டிவிடுவோம். அதற்குள் இதைச் செய்து வையுங்கள். விசிறியின் இரண்டு திருகு ஓட்டைகளுக்கு நடுவே ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். 71.5 மில்லிமீட்டர் என்றால் அது 80 விசிறி, 82.5 என்றால் 92, 105 என்றால் 120. மதர்போர்டில் சொருகும் முனையில் ஓட்டை மூன்றா நாலா என்று எண்ணுங்கள். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று காகிதத் துண்டைப் பிடித்துப் பார்த்து, ஒரு அம்புக்குறியைப் பேனாவால் சட்டத்தில் போட்டுவிடுங்கள். தெர்மல் பேஸ்ட்டை மட்டும் இப்போதே வாங்கிவிடாதீர்கள். எது, எவ்வளவு என்று அடுத்த வாரம் சொல்கிறேன்.